நாலாவது தாள்

என்னைச் சந்தேகப் பிராணி என்று வீட்டில் சொல்வார்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. தேதி பார்க்காமல் பால் பாக்கெட்டை வெட்ட மாட்டேன். பழக்காரர் தேன் மாதிரி இருக்கும் என்று சத்தியம் செய்தாலும், ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்க்காமல் பையை நீட்ட மாட்டேன். "எங்க அண்ணிகிட்ட உப்பைக் குடுத்தா, நக்கிப் பார்த்துட்டுத்தான் உப்புன்னே ஒத்துக்குவாங்க" என்று என் நாத்தனார் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். அந்த நாக்குதான் எனக்கு வேலை வாங்கித் தந்தது. ஊரில் இருக்கிற அத்தனையையும் சந்தேகப்பட்ட நான், சந்தேகப்பட வேண்டிய ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

குழந்தைகள் தின்னும் ஜெல்லி மிட்டாய் செய்கிற கம்பெனி அது. முன்னொரு காலத்தில் அந்தக் கட்டிடத்தில் துணிக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தார்களாம். எத்தனை முறை வெள்ளை அடித்தும் சுவரின் அடிப்பகுதியில் மட்டும் பழைய நீலம் மெல்ல மேலே ஏறிவரும். மழை நாளில் கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.

முதல் நாள் காலை பத்து மணிக்கு மேடம் என்னை உள்ளே அழைத்துப் போனார். ருசி பார்ப்பவர்களுக்கு அவர்தான் தலைமை. நீளமான நடை, அதன் கடைசியில் ஓர் அறை. ஜன்னல் இல்லை. கதவைத் திறந்ததும் நான் ஒரு நிமிஷம் வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. மேடத்தின் வெள்ளைக் கோட்டு, என் கை, சுவர், எல்லாமே ஒரே சிவப்பு. அதற்கு அப்பால் எல்லாம் இருட்டு.

"பயப்படாதீங்க. ஜெல்லி சிவப்பா இருந்தா நாக்கு தானாவே இனிப்புன்னு சொல்லிடும். பச்சையா இருந்தா புளிப்புன்னு சொல்லும். கண்ணு பொய் சொல்லும்மா. இந்த வெளிச்சத்துல எந்தக் கலரும் தெரியாது. இங்க நாக்குக்கு மட்டும்தான் வேலை" என்றார்.

நியாயமாகத்தான் பட்டது.

பலகைத் தடுப்பு வைத்த நாலு கேபின்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்டூல், ஒரு மேடைப் பலகை, எதிரே சுவரில் கையகலத்துக்கு ஒரு தள்ளுகதவு. அதற்கு அந்தப் பக்கம் சமையலறை. அங்கிருந்து கதவு நகரும், ஜெல்லிக் கரைசல் ஊற்றிய கப் வரும், மேலே நம்பர் எழுதியிருக்கும். வாயில் வைத்து மூன்று எண்ண வேண்டும். பக்கத்தில் இருக்கிற காலி டம்ளரில் துப்பி, தண்ணீரில் கொப்பளித்து, தாளில் இனிப்பு, புளிப்பு, கசப்பு எவ்வளவு என்று பென்சிலால் எழுதித் தாளைத் திரும்பத் தள்ளிவிட வேண்டும். ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது.

"முழுங்கவும் கூடாது. ஒரு நாளைக்கு நாப்பது கப் வரும். எல்லாத்தையும் முழுங்கினா வயிறு என்னத்துக்கு ஆகும்?" என்று மேடம் சிரித்தார். கூடவே இன்னொன்றையும் சொன்னார். "மத்தவங்க எல்லாம் ஒரே மாதிரி எழுதி, ஒரு தாள் மட்டும் வேற மாதிரி இருந்தா, அதைக் கிழிச்சுப் போட்ருவோம். சளி பிடிச்சிருக்கலாம், காலையில பல் விளக்காம வந்திருக்கலாம். ஒத்துப்போகாத தாளை நாங்க பார்க்கிறதில்ல."

முதல் கேபினில் ஒல்லி அண்ணன். இரண்டில், பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டீச்சர். எனக்கு மூன்றாவது. நாலாவதில் ஸ்டூலைக் கவிழ்த்து மேடை மேல் வைத்திருந்தார்கள்.

"அதுல யாரு மேடம்?"

"இப்போதைக்கு யாரும் இல்ல."

அந்த 'இப்போதைக்கு' எனக்குப் பிடிக்கவில்லை.

முதல் மூன்று கப் ஒழுங்காகப் போனது. ஒல்லி அண்ணன் துப்புகிற சத்தம், டீச்சர் துப்புகிற சத்தம், பிறகு நான். அந்த அறையில் வேறு சத்தமே கிடையாது. நாலாவது கப்பை எடுத்து வாயில் வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. துப்பினேன்.

என் இடது பக்கம், நாலாவது கேபினில், யாரோ முழுங்கினார்கள்.

மடக்.

தெளிவான சத்தம். தொண்டைக்குள் தண்ணீர் இறங்குகிற சத்தம். தடுப்புப் பலகையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். புதிதாக வந்தவளை வேவு பார்க்க ஆள் வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். வேலை முடிந்ததும் எட்டிப் பார்த்தேன். கவிழ்த்த ஸ்டூல், மேடை மேல் தூசி. வேறு எதுவும் இல்லை.

குழாய்த் தண்ணீராக இருக்கும் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் தண்ணீர்க் குழாய் மூன்று எண்ணிவிட்டு முழுங்குமா?

என் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவருக்கு லாரி ஓட்டுகிற வேலை, மாதத்தில் பாதி நாள் வெளியூரில்தான். வீட்டில் நானும், என் ஐந்து வயது மகளும், நாத்தனாரும். மகளைக் குட்டி என்றே கூப்பிடுவோம். நாத்தனார் வீட்டிலேயே தையல் மிஷின் வைத்து ரவிக்கை, பாவாடை தைக்கிறாள். என்னைவிட எட்டு வயது சின்னவள். வாய் மட்டும் என்னைவிட எட்டு வயது பெரியது.

வாரக் கடைசியில் கம்பெனியில் வடிவம் கெட்ட ஜெல்லிகளைப் பொட்டலம் கட்டித் தொழிலாளிகளுக்குத் தருவார்கள். குட்டிக்கு அதில் சிவப்பு என்றால் உயிர். சிவப்பை எல்லாம் பொறுக்கி எடுத்துக்கொண்டு மஞ்சளையும் பச்சையையும் அத்தைக்குத் தானம் செய்வாள். தூங்கும்போதும் ஒன்று கன்னத்தில் ஒதுங்கியிருக்கும். காலையில் தலையணை உறையில் சிவப்பு எச்சில் கறை.

ஒருநாள் நாத்தனார் அந்த உறையோடு வந்து நின்றாள். "அண்ணி, இது என்ன கலர்? ரெண்டு தடவை ஊற வச்சு அலசிட்டேன். அசையவே இல்ல. திங்கிற கலர்னா தண்ணி பட்டதும் ஓடிடும். இது சாயம் போட்ட மாதிரி துணியைப் பிடிச்சிட்டிருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. என் கம்பெனியைக் குறை சொல்கிறாளா, என்னையா? "உன் நூல்கண்டுல இருந்து ஒட்டியிருக்கும். பிள்ளை படுக்கிற இடத்துல கடையை விரிக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று எரிந்து விழுந்தேன். அவள் முகம் சுருங்கிப்போனது. உறையை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வாரமே குட்டிக்கு வாந்தி ஆரம்பித்தது. முதலில் காலையில் மட்டும். பிறகு உதட்டோரம் கொப்புளம். ராத்திரி தூங்காமல் சொறிந்துகொண்டே கிடந்தாள். கை எலும்பு தெரிய இளைத்துப்போனாள். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "வெளியில என்னென்ன வாங்கித் தர்றீங்க?" என்று கேட்டார்.

"வெளியில எதுவுமே தர்றதில்ல டாக்டர்."

பொய் சொல்லவில்லை. நான் வாயில் வைத்துப் பார்த்து, சரி என்று எழுதி அனுப்பின பண்டம் எப்படி வெளிச் சாப்பாடு ஆகும்? பள்ளிக்கூடத் தண்ணீரைச் சந்தேகப்பட்டேன். பக்கத்து வீட்டுக்காரி ஊட்டிவிட்ட பிஸ்கட்டைச் சந்தேகப்பட்டேன். நான் இல்லாத நேரத்தில் நாத்தனார் எதையாவது கொடுக்கிறாளோ என்று அவள் அலமாரியைக்கூடத் திறந்து பார்த்தேன். என் நாக்கை மட்டும் சந்தேகப்படவில்லை.

கம்பெனியில் அந்தச் சத்தம் நிற்கவே இல்லை.

எல்லாக் கப்புக்கும் வராது. சில கப்புக்கு மட்டும். நாங்கள் மூன்று பேரும் துப்பி முடித்து, கொப்பளித்து, அறை அடங்கின பிறகு வரும். மடக். அதோடு ஒரு வாடையும் வர ஆரம்பித்தது. ஈரத் துணியை வாளியில் போட்டு மூன்று நாள் மறந்துவிட்டால் ஒரு வாடை வருமே, அது. ஜெல்லியின் பழ வாசனைக்கு அடியில் அது படுத்துக் கிடந்தது. ஒருமுறை தடுப்பை ஓங்கித் தட்டினேன். டீச்சர் தொண்டையைச் செருமி என்னைக் கண்டித்தார். நாலாவது கேபின் அமைதியாகிவிட்டது.

ஆனால் யாரோ பலகையின் அந்தப் பக்கம் காதை வைத்துக் கேட்கிற மாதிரி இருந்தது.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஒல்லி அண்ணன்தான் விளையாடுகிறார் என்று முடிவு கட்டினேன். ஆள் அப்படித்தான், ஓசைப்படாமல் நடப்பார். நாத்தனாரின் தையல் பெட்டியிலிருந்து கறுப்பு நூல் எடுத்துப் போய், மாலை எல்லோரும் போன பிறகு நாலாவது கேபின் வாசலில் முழங்கால் உயரத்தில் குறுக்கே கட்டினேன். உள்ளே ஸ்டூல் கவிழ்ந்தே இருந்தது.

மறுநாள் காலை மூன்று முறை அந்தச் சத்தம் கேட்டது. வேலை முடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன்.

நூல் அறுபடவில்லை.

ஸ்டூல் நிமிர்ந்து இருந்தது.

அன்றைக்கே சமையலறைப் பக்கம் போனேன். அங்கே கப் நிரப்பித் தள்ளுகிறவர் கண்ணாடி அக்கா. தடிமனான மூக்குக் கண்ணாடி போட்டிருப்பார், அதற்குப் பின்னால் கண் எப்போதும் ஈரமாகவே தெரியும். தாள்களை வாங்கி அடுக்குவதும் அவர்தான்.

"அக்கா, ஒரு கப்புக்கு எத்தனை தாள் வருது?"

அவர் அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார்.

"நாலு" என்றார், மெதுவாக.

"நாங்க மூணு பேருதானே அக்கா?"

"அதைத்தான் நான் யாருகிட்டயும் கேக்கல." குரலை இன்னும் தணித்தார். "மூணு கப்தான் வைப்பேன் முந்தி எல்லாம். வச்சா, நாலாவது தள்ளுகதவு தானா திறந்துக்கும். மூடினா மறுபடியும் திறக்கும். கப் வச்சாத்தான் மூடும். எனக்கு வேலை வேணும்மா. வச்சிடுறேன்."

"அந்தத் தாள்ல என்ன எழுதியிருக்கு?"

"சிவப்புக்கு மட்டும்தான் எழுதி வரும். ஒரே வார்த்தை. கசப்பு. மூணு வாரமா வருது."

"அதை என்ன பண்ணீங்க?"

"மேடம் சொன்னபடிதான். ஒத்துப்போகாத தாள். கிழிச்சுட்டேன்."

அப்புறம்தான் மைனாவைப் பற்றிச் சொன்னார். வாயாடி என்பதால் அந்தப் பெயராம். பேசவே கூடாத அறையிலும் முணுமுணுத்துக்கொண்டிருப்பாளாம். போன வருஷம் அவள்தான் நாலாவது கேபின். ஒரு சிவப்புச் சரக்குக்கு அவள் மட்டும் கசப்பு என்று எழுதினாள். மற்ற மூன்று பேர் சரி என்றார்கள். மேடம் அவள் தாளைக் கிழித்தார். வாயில் வைத்தால் தெரியாது மேடம், தொண்டைக்குள் இறங்கினால்தான் தெரிகிறது என்று மைனா சண்டை போட்டாள். யாரும் கேட்கவில்லை. நிரூபித்துக் காட்டுகிறேன் என்று வீம்புக்கு ஒரு வாரம் சிவப்புக் கப்பை எல்லாம் முழுங்கினாள்.

"வயித்து வலின்னு லீவு எழுதிக் குடுத்துட்டுப் போனா. அந்த லீவு இன்னும் முடியல" என்றார் கண்ணாடி அக்கா.

ஆனாலும் என் புத்தி போகவில்லை. "பேய்க்கு எழுதத் தெரியுமா அக்கா?"

"மைனாவுக்குத் தெரியும்மா."

மறுநாள் காலை குட்டி படுக்கையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. பச்சைத் தண்ணீர் கொடுத்தாலும் வாந்தி எடுத்தாள். டாக்டர் மதியம் ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார். மேடத்துக்கு போன் போட்டு லீவு கேட்டேன். பன்னிரண்டு மணிக்குச் சிவப்புச் சரக்கு வெளியே போக வேண்டும், மூன்று நாக்கு இல்லாமல் அனுப்ப முடியாது, வந்து முடித்துவிட்டு ஓடுங்கள் என்றார். "நீங்க போயிட்டு வாங்க அண்ணி, நான் பார்த்துக்கிறேன்" என்றாள் நாத்தனார். குட்டி சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"ரொம்ப அழுதா ரெண்டு ஜெல்லி குடு. அடங்கிடுவா" என்றேன்.

நான்தான் சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன்.

அன்று மூன்றாவது கேபினுக்கு நான் போகவில்லை. யார் இந்த ஆட்டம் ஆடுகிறார்கள் என்று ஒரு கை பார்த்துவிடுவது என்று, நூலை அறுத்துவிட்டு நாலாவதில் போய் உட்கார்ந்தேன். ஸ்டூல் சூடாக இருந்தது, இப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி. அதையும் சந்தேகம்தான் பட்டேன். ஒல்லி அண்ணன் அவர் இடத்தில் இருமினார். டீச்சர் பென்சிலை உருட்டினார். இரண்டு பேரும் அவரவர் இடத்தில்தான் இருந்தார்கள்.

என் பக்கத்தில் மூன்றாவது கேபின் காலி.

தள்ளுகதவு நகர்ந்தது. கப் வந்தது. கதவு மூடியது.

ஈரத் துணி வாடை. இந்த முறை அடுத்த கேபினிலிருந்து வரவில்லை. என் தோளுக்குப் பின்னாலிருந்து வந்தது. திரும்பிப் பார்க்க இடமே இல்லாத கேபின் அது. ஸ்டூலுக்குப் பின்னால் பலகைதான்.

கப்பை வாயில் வைத்தேன். இனிப்பு. பழ வாசனை. குறை ஒன்றும் இல்லை.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

துப்புவதற்கு டம்ளரை எடுத்தேன்.

"முழுங்கு."

என் காதில் இல்லை. என் பல்லுக்குப் பின்னால் கேட்டது.

உதட்டைத் திறக்கப் பார்த்தேன், முடியவில்லை. யாரோ இரண்டு விரலால் மூடிப் பிடித்த மாதிரி இருந்தது. டம்ளர் கையில் அப்படியே நின்றது.

மடக்.

அது என் தொண்டை. ஆனால் முழுங்கினது நான் இல்லை.

அடுத்த நொடி அடித்தொண்டையில் அந்தக் கசப்பு வந்தது. மருந்தின் கசப்பு இல்லை, காயின் கசப்பும் இல்லை. சின்ன வயசில் சாயம் போகிற புதுத் துணியின் நுனியைக் கடித்திருப்போமே, அந்தக் கசப்பு. ஆணி மாதிரி இறங்கியது. கண்ணில் நீர் வந்தது. கீழே பார்த்தேன். என் கை பென்சிலைப் பிடித்து எழுதிக்கொண்டிருந்தது. என் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும். தாளில் இருந்தது சாய்ந்த எழுத்து, 'ப்' மேல் புள்ளி வைக்கிற இடத்தில் தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தம்.

கசப்பு.

தாளைத் தள்ளுகதவுக்குள் தள்ளிவிட்டு, அறைக்கதவைத் திறந்துகொண்டு நடையில் ஓடினேன். வெளியே நல்ல வெயில். முற்றத்துக் குழாயில் வாயைக் கொப்பளித்துக் கைக்குட்டையால் துடைத்தேன். வெள்ளைக் கைக்குட்டையில் சிவப்பு. குழாயில் பிடித்துக் கசக்கினேன். தண்ணீர் தெளிவாக ஓடியது.

சிவப்பு போகவில்லை.

திங்கிற கலர்னா தண்ணி பட்டதும் ஓடிடும். நாத்தனார் சொன்னது அப்போதுதான் எனக்குக் கேட்டது. தலையணை உறை கண் முன்னால் வந்தது. பாவி நான், நான் கொண்டு போய்க் கொடுத்த பொட்டலம்.

கலர் அறை வாசலில் கலர் அண்ணன் நின்றிருந்தார். கலவை போடுகிறவர், நகக்கண்ணில் எப்போதும் நாலு நிறம் இருக்கும். கைக்குட்டையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "இதுல என்ன போட்டீங்க?"

அவர் கைக்குட்டையைப் பார்த்தார். முகம் வெளிறியது. "சிவப்பு டப்பா வரத் தாமதம்னு... பரண்ல பழைய டப்பா இருந்துச்சும்மா. சாயப்பட்டறைக்காரங்க விட்டுட்டுப் போனது. மேல இதே கலர் நம்பர்தான் போட்டிருந்துச்சு. மேடம்கிட்ட சொன்னேன். ருசியில தேறினா போடுன்னாங்க."

"போன வருஷமும் இதேதானா?"

அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மேடம் தாள்களோடு வந்தார். "என்ன கலாட்டா இது? ரெண்டு தாள் சரின்னு சொல்லுது. உங்க தாள் மட்டும்தான்..."

"கிழிங்க மேடம். இதையும் கிழிங்க" என்று கத்திவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

நாத்தனாருக்கு போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மிஷின் ஓடினால் அவளுக்கு இடி விழுந்தாலும் கேட்காது. கிடைத்த வண்டியில் ஏறினேன். ஒவ்வொரு சிக்னலிலும் திரும்பத் திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை. ரெண்டு ஜெல்லி குடு, ரெண்டு ஜெல்லி குடு என்று என் குரலே எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கதவு திறந்துதான் இருந்தது. உள் அறையில் மிஷின் கடகடவென்று ஓடுகிற சத்தம். கூடத்தில் தரையில் குட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் பொட்டலம். அலமாரியிலிருந்து அவளே எடுத்திருக்கிறாள். முன்னால் சிவப்பு ஜெல்லிகள் வரிசையாக. கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது.

"முழுங்காதே!"

அவள் பயந்து என்னைப் பார்த்தாள். மிஷின் நின்றது. வீடு அப்படியே அடங்கியது.

மடக்.

பாய்ந்து போய் அவள் தாடையைப் பிடித்தேன். "வாயைத் திற. குட்டி, வாயைத் திறடி."

திறந்தாள். ஜெல்லி நாக்கின் மேல் முழுசாக இருந்தது. பல் பட்ட தடம்கூட இல்லை. என் உள்ளங்கையில் துப்பினாள்.

"நான் முழுங்கலம்மா" என்றாள் அழுதுகொண்டே. "அவங்கதான்."

அவளுக்குப் பக்கத்தில் தரை காலியாக இருந்தது. ஈரத் துணி வாடை மட்டும் வந்தது.

அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். குழந்தைகள் வார்டில் எங்களுக்கு முன்னாலேயே நாலு கட்டிலில் பிள்ளைகள் படுத்திருந்தார்கள். ஒரு பையன் சட்டைக் காலரில் சிவப்புக் கறை. அவன் அம்மா அதை ஈரத் துணியால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கைக்குட்டையையும் தலையணை உறையையும் டாக்டரிடம் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாவற்றையும் என்றால், எழுதி வைக்கக்கூடியதை மட்டும். குட்டி பதினோரு நாளில் எழுந்து உட்கார்ந்தாள். மற்ற பிள்ளைகளும் பிழைத்துவிட்டார்கள். கம்பெனிக்குப் பூட்டுப் போட்டார்கள். பரணிலிருந்து பதினேழு டப்பா இறக்கினார்களாம்.

நாத்தனாரிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க என்னைச் சந்தேகப்பட்டது பரவாயில்ல அண்ணி. நான் சொன்னதைக் கேக்காததுதான்..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள். அதுவும் ஒத்துப்போகாத தாள்தான். நானும்தான் கிழித்திருக்கிறேன்.

வீட்டில் இப்போது நிறம் போட்ட எதுவும் கிடையாது. ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் குட்டி தட்டைத் தொடுவதற்கு முன்னால், அவளுக்குப் பக்கத்துக் காலி இடத்தில் அந்தச் சத்தம் கேட்கிறது. ஒரு முறை. மடக். அதற்குப் பிறகுதான் அவள் சாப்பிடுவாள். முதலில் எங்களுக்குப் பயமாகத்தான் இருந்தது. போகப் போகப் பழகிவிட்டது. சொன்னால் சிரிப்பீர்கள், அந்தச் சத்தம் கேட்காத வரை எனக்கே கை தட்டுக்குப் போவதில்லை.

இன்று காலை மூன்று பேருக்கும் பால் காய்ச்சினேன். பாக்கெட்டில் தேதி பார்த்துத்தான் வெட்டினேன். ஒரு வாய் நான் குடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. நாத்தனார் ஒரு வாய் குடித்துவிட்டு, நல்லா இருக்கு அண்ணி என்றாள். குட்டி டம்ளருக்கு மேலே மூக்கை வைத்து மோந்து, வாசனையா இருக்கும்மா என்றாள்.

மடக்.

குட்டி டம்ளரைத் தொடவில்லை. தன் படம் வரைகிற நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேஜையின் காலிப் பக்கத்தில் அது திறந்து கிடந்தது. பென்சில் உருண்டு வந்து என் டம்ளரில் முட்டி நின்றது.

குட்டிக்கு இன்னும் எழுதத் தெரியாது.

சாய்ந்த எழுத்து. 'ப்' மேல் புள்ளி வைத்த இடத்தில் தாள் கிழிந்திருந்தது.

பால் வெள்ளையாக இருந்தது. தும்பை மாதிரி வெள்ளை. மூன்று பேர் நல்லது என்று சொன்ன பால். நான் மூன்று டம்ளரையும் எடுத்துத் தொட்டியில் ஊற்றினேன். பிறகு அந்தப் பாக்கெட்டைக் கழுவாமல் மடித்து, டாக்டரிடம் கொண்டு போக என் பைக்குள் வைத்தேன்.